பெயரைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது: ஷேர்டு லைப்ரரியும் பாதுகாப்புச் சோதனையும்



கணிப்பொறிப் பிரிவு, மின்னணுவியல் பிரிவு, தோல் தொழில்நுட்பம், மெக்கானிக்கல் என்று எந்தப் பிரிவில் படித்தாலும் டிப்ளமோ முடித்த பிறகு நம்மில் பலர் ஏதாவது ஒரு கன்ட்ரோல் ரூமில்தான் போய் உட்காரப் போகிறோம். நெமிலியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு பக்கம் அரக்கோணம், ஒரு பக்கம் பனப்பாக்கம், இன்னும் கொஞ்சம் போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், அதற்கு அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி. வழி நெடுக டேனரிகள், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். பனப்பாக்கம் சிப்காட்டில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான டாடா மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பம்பை ஓட்டுவதும், வால்வைத் திறப்பதும், டிரம் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் இன்று பி.எல்.சி.யும் அதனோடு பேசும் கணிப்பொறியும்தான்.

அந்தக் கணிப்பொறிக்குள் கெட்டவன் ஒருவன் எப்படிப் புகுந்து உட்காருவான், அவன் வருவதற்கு முன்பே நாமே எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. குறிப்பாக, பாதுகாப்புச் சோதனைக்கான 'ஏஜென்ட்' என்னும் புரோகிராமை ஷேர்டு லைப்ரரியாக கம்பைல் செய்து ஓட்டுவது என்றால் என்ன, அதை ஏன் செய்கிறார்கள், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்த வரையில் எளிமையாகச் சொல்கிறேன்.

1. ஷேர்டு லைப்ரரி என்றால் என்ன?

நம்ம ஊரில் கல்யாணம் என்றால் யாரும் புதிதாக அண்டா வாங்குவதில்லை. வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்டா, தவலை, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் அங்கிருந்தே வரும். ஒரே கடைப் பொருளை வைத்து நூறு வீட்டுக் கல்யாணம் நடக்கும். ஷேர்டு லைப்ரரியும் அப்படித்தான். திரையில் எழுதுவது, கோப்பைத் திறப்பது, நெட்வொர்க்கில் பேசுவது போன்ற பொதுவான வேலைகளுக்கான ஃபங்ஷன்களை ஒரே கோப்பில் வைத்துவிட்டு, வேண்டிய புரோகிராம்கள் எல்லாம் ஓடும்போது அதை எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் இதற்கு டி.எல்.எல். என்று பெயர். லினக்ஸில் எஸ்.ஓ. கோப்பு. ஆப்பிள் மேக்கில் டைலிப்.

மாறாக, எல்லாப் பாத்திரத்தையும் சொந்தமாக வாங்கி வீட்டிலேயே அடுக்கி வைப்பது ஸ்டாட்டிக் லைப்ரரி. புரோகிராம் பெரிதாகும். ஆனால் யாரையும் நம்ப வேண்டாம்.

ஷேர்டு லைப்ரரியில் லாபம் இரண்டு. ஒன்று, அதன் கோடு பகுதி மெமரியில் ஒரு தடவை ஏறினால் போதும், பல புரோகிராம்கள் பங்கிட்டுக்கொள்ளும். (டேட்டா பகுதி மட்டும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி.) இரண்டு, லைப்ரரியில் ஒரு குறை இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும், எல்லாப் புரோகிராமுக்கும் சரியாகிவிடும்.

ஆபத்தும் அந்த இரண்டாவது லாபத்துக்குள்ளேயே இருக்கிறது. கடையில் உள்ள அண்டாவில் ஒருவன் விஷத்தைத் தடவி வைத்தால்? நூறு கல்யாணச் சாப்பாடும் கெட்டது. ஒரு கோப்பை மாற்றினால் எல்லாப் புரோகிராமும் சரியாகும் என்றால், ஒரு கோப்பை மாற்றி எல்லாவற்றையும் கெடுக்கவும் முடியும் அல்லவா?

லைப்ரரியைத் தேடிக் கொண்டுவந்து மாட்டும் வேலையைச் செய்வது 'லோடர்'. புரோகிராம் கேட்பது இவ்வளவுதான்: "இந்தப் பெயருள்ள லைப்ரரியைக் கொண்டா, அதில் இந்தப் பெயருள்ள ஃபங்ஷன் எங்கே இருக்குன்னு சொல்லு." லைப்ரரிக்குள் 'எக்ஸ்போர்ட்' பட்டியல் ஒன்று உண்டு. கடை வாசலில் என்னென்ன கிடைக்கும் என்று எழுதி மாட்டிய போர்டு மாதிரி. லோடர் அந்தப் போர்டைப் பார்த்து முகவரியைக் கொடுத்துவிடும். அது பெயரைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை தானாகப் புரியும்.

2. லேபில் செய்து பார்க்க ஒரு சோதனை

வெறும் தியரி படித்தால் ஏறாது. லினக்ஸ் போட்ட ஒரு கணிப்பொறியும், சி மொழி கம்பைலரான ஜி.சி.சி.யும் போதும். யாருக்கும் தீங்கில்லாத சோதனை இது.

முதலில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் 4.1 என்று எழுதி வையுங்கள். இதுதான் நமது பி.எச். மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேனரியில் 'பிக்கிள்' செய்த தண்ணீர் அமிலம், சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர் காரம் என்பது தோல் பிரிவு நண்பர்களுக்குத் தெரியும். நீர்நிலையில் விடும் கழிவுநீரின் பி.எச். 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆக 4.1 என்றால் வால்வைத் திறக்கக் கூடாது.

அடுத்து, அந்தக் கோப்பைப் படித்து எண்ணைத் திருப்பித் தரும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதி, ஷேர்டு லைப்ரரியாக கம்பைல் செய்யுங்கள். இதற்கு கம்பைலரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். 'ஷேர்டு' என்ற ஆப்ஷன், இதைத் தனிப் புரோகிராமாக ஆக்காதே, லைப்ரரியாக ஆக்கு என்பதற்கு. 'பிக்' என்ற ஆப்ஷன், எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடுகிற மாதிரி கோடு எழுது என்பதற்கு. லைப்ரரி மெமரியில் எந்த இடத்தில் உட்காரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொரு புரோகிராமிலும் இடம் மாறும். அதனால் "இத்தனாவது கதவு" என்று எழுதாமல் "இங்கிருந்து இத்தனை அடி தள்ளி" என்று எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு, பி.எச். 5.5-லிருந்து 9-க்குள் இருந்தால் 'வால்வு திற' என்றும், இல்லாவிட்டால் 'வால்வு மூடு' என்றும் திரையில் காட்டும் மெயின் புரோகிராம். அதை நமது லைப்ரரியோடு லிங்க் செய்து ஓட்டுங்கள். முதல் தடவை ஓடாது, லைப்ரரியைக் காணோம் என்று எரர் வரும். பயப்பட வேண்டாம். லினக்ஸ் லோடர், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் தானாகத் தேடாது. எல்.டி. லைப்ரரி பாத் என்ற மாறியில் ஃபோல்டர் பெயரைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் நேர் எதிர்: புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில்தான் பெரும்பாலும் முதலில் தேடும். இப்போது ஓட்டினால் '4.1, வால்வு மூடு' என்று வரும்.

இனிதான் விஷயமே. அதே பெயரில், அதே ஃபங்ஷன் பெயரோடு, வேறொரு லைப்ரரி எழுதுங்கள். இது எந்தக் கோப்பையும் படிக்காது. எப்போது கேட்டாலும் 7.2 என்று சொல்லும். இதைப் பழைய லைப்ரரி இருந்த இடத்தில் வையுங்கள். மெயின் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யாதீர்கள், தொடவே தொடாதீர்கள். சும்மா ஓட்டுங்கள்.

'7.2, வால்வு திற'.

மீட்டர் 4.1-ல் நிற்கிறது. புரோகிராமில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அமிலத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆபரேட்டருக்கு எல்லாமே பச்சை விளக்குதான்.

3. இது கற்பனை அல்ல: 2010

"அட, லேபில் விளையாட்டுக்குச் சொல்றாங்க" என்று நினைக்க வேண்டாம். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட் என்னும் வைரஸ் செய்தது இதைத்தான். அதன் குறி ஈரான் நாட்டின் நத்தான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலை.

சீமென்ஸ் பி.எல்.சி.க்கு புரோகிராம் எழுத நாம் பயன்படுத்தும் 'ஸ்டெப் 7' மென்பொருளில், பி.எல்.சி.யோடு பேசுவதற்கென்றே ஒரு டி.எல்.எல். உண்டு. ஸ்டக்ஸ்நெட் அந்தக் கோப்பின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய பெயரில் தன்னுடைய டி.எல்.எல்.-ஐ வைத்தது. உண்மையான கோப்பில் 109 எக்ஸ்போர்ட்டுகள் இருந்தன. போலி அவற்றில் 93-ஐ அப்படியே உண்மையான கோப்புக்கே தள்ளிவிட்டது. 16-ஐ மட்டும் தானே பிடித்துக்கொண்டது. பி.எல்.சி.யில் என்ன இருக்கிறது என்று வாசிப்பது, பி.எல்.சி.யில் எழுதுவது போன்றவை அந்த 16-ல் அடக்கம். இன்ஜினியர் பி.எல்.சி.யை வாசித்தால் தான் நுழைத்த பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் காட்டியது. 807-லிருந்து 1,210 ஹெர்ட்ஸ் வரை ஓடும் டிரைவ்களைத் தேடிப் பிடித்து, 1,410-க்கு ஏற்றி, பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, மறுபடி 1,064-க்குக் கொண்டுவந்தது. டிரம் மோட்டாருக்கு வி.எஃப்.டி. மாட்டிப் பழகியவர்களுக்கு இப்படி ஏற்றி இறக்கினால் மெஷின் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு இதில் இன்னொரு செய்தி. 2010 செப்டம்பர் இறுதியில் சிமான்டெக் நிறுவனம் எடுத்த கணக்கில், ஸ்டக்ஸ்நெட் தொற்றிய கணிப்பொறிகளில் சுமார் 58 சதவீதம் ஈரானில், 18 சதவீதம் இந்தோனேஷியாவில், 10 சதவீதம் இந்தியாவில். மூன்றாம் இடம் நமக்கு. குறி நாம் இல்லை என்பதால் நம் மெஷின்கள் தப்பின. அவ்வளவுதான்.

4. நம் மாநிலத்திலேயே: கூடங்குளம், 2019

திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கணிப்பொறியில் மால்வேர் புகுந்திருப்பதாக 2019 அக்டோபர் கடைசியில் செய்தி பரவியது. அக்டோபர் 29-ல் நிலையத்தின் தரப்பில் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். மறுநாள் அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் அது உண்மைதான் என்று அறிக்கை விட்டது. செர்ட்-இன் என்னும் மத்திய அரசின் கணிப்பொறி அவசரகால அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் கொடுத்திருக்கிறது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒருவருடைய கணிப்பொறியில்தான் தொற்று. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்த மால்வேரை டிட்ராக் என்று அடையாளம் சொன்னார்கள்.

இதில் பாடம் இரண்டு. ஆபீஸ் நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் தனித்தனியாக இருந்ததால் பெரிய ஆபத்து தப்பியது. இன்னொன்று, உள்ளே இருப்பவர்களுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று உடனே தெரிவதில்லை. அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

5. சோதனை ஏஜென்ட்: அது என்ன செய்யும்?

தீயணைப்புத் துறையினர் கல்லூரிக்கு வந்து ஒத்திகை நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் தீ இல்லை. ஆனால் மணி அடிக்கிறதா, கதவு திறக்கிறதா, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். கணிப்பொறிப் பாதுகாப்பிலும் அதே ஒத்திகை உண்டு. அமெரிக்காவின் மைட்டர் என்னும் லாப நோக்கமற்ற நிறுவனம் வெளியிட்டுள்ள கால்டெரா என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இதற்கானது. அதே நிறுவனம் 'அட்டாக்' என்ற பெயரில், திருடர்கள் உண்மையில் பயன்படுத்திய உத்திகளை எண் போட்டுத் தொகுத்து 2015 முதல் வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் உத்தியை எடுத்து, நமது மெஷினில் நடத்திப் பார்ப்பதே ஒத்திகை.

கால்டெராவில் ஒரு சர்வர் இருக்கும். சோதிக்க வேண்டிய கணிப்பொறியில் ஓடும் சிறு புரோகிராம்தான் ஏஜென்ட். சில வினாடிகளுக்கு ஒரு முறை சர்வரைக் கூப்பிட்டு "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும். கொடுத்த வேலையைச் செய்து முடிவைத் திருப்பி அனுப்பும். கால்டெராவின் வழக்கமான ஏஜென்டின் பெயர் சாண்ட்கேட். கூகுள் நிறுவனம் 2009-ல் அறிமுகம் செய்த கோ மொழியில் எழுதப்பட்டது.

சாதாரணமாக இது தனிப் புரோகிராமாக ஓடும். ஷேர்டு லைப்ரரியாகவும் கம்பைல் செய்யலாம். ஏன் அந்தச் சிரமம்? நிஜத் திருடன் எப்போதும் தனிப் புரோகிராமாகவே வருவதில்லை, அதனால்தான். தனிப் புரோகிராம் என்றால் டாஸ்க் மேனேஜரில் புதுப் பெயர் தெரியும், காவலாளி பிடித்துவிடுவான். லைப்ரரியாக வந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நல்ல புரோகிராமின் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பட்டியலில் தெரிவது நல்லவன் பெயர் மட்டுமே. அப்படி வந்தால் நமது காவலாளிக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே ஏஜென்டையும் லைப்ரரியாக ஆக்கிப் பார்க்கிறார்கள்.

6. லைப்ரரியாக ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கோ மொழி கம்பைலரில் 'பில்ட் மோட்' என்று ஒன்று உண்டு. அதில் 'சி ஷேர்டு' என்று சொன்னால் சி மொழிப் புரோகிராம் கூப்பிடக்கூடிய லைப்ரரி கிடைக்கும். 2015-ல் வந்த கோ 1.5 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. கவனிக்க வேண்டியவை:

(அ) கோ கம்பைலர் மட்டும் போதாது, கூடவே சி கம்பைலரும் வேண்டும். லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்கான டி.எல்.எல். செய்வதானால் அதற்குத் தகுந்த மிங்டபிள்யூ கம்பைலர் தேவை.

(ஆ) வெளியிலிருந்து கூப்பிட வேண்டிய ஃபங்ஷனுக்கு மேல் 'எக்ஸ்போர்ட்' என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் லைப்ரரி இருக்கும், கதவு இருக்காது. மெயின் ஃபங்ஷன் பெயருக்கு இருந்தாக வேண்டும், ஆனால் அது ஓடாது.

(இ) 32 பிட் புரோகிராமுக்குள் 64 பிட் லைப்ரரி ஏறாது. நிறைய பேருக்கு முதல் எரர் இதில்தான் வரும்.

(ஈ) லைப்ரரி தானாக ஓடாது. டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. யாராவது ஏற்ற வேண்டும். லினக்ஸில் டி.எல். ஓப்பன், டி.எல். சிம் என்ற இரண்டு ஃபங்ஷன்களைக் கூப்பிடும் சிறு சி புரோகிராம் போதும். முதலாவது லைப்ரரியை ஏற்றும், இரண்டாவது ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும். விண்டோஸில் ரன்டிஎல்எல்32 என்ற புரோகிராம் கூடவே வருகிறது. மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ள இந்த நல்ல பிள்ளையைத் திருடர்கள் நெடுநாளாகத் தவறாகப் பயன்படுத்துவதால், அட்டாக் பட்டியலில் இதற்கென்றே டி1218.011 என்று தனி எண் உண்டு.

(உ) கோ லைப்ரரி ஏறியதும் கோ மொழியின் ரன்டைம் முழுவதும் அந்தப் புரோகிராமுக்குள் எழுந்து தனியாக த்ரெட்டுகளை ஓட்டத் தொடங்கும். ஒரு தடவை ஏற்றினால் பாதுகாப்பாக இறக்கும் வசதி இல்லை. ஆகவே சோதனை முடிந்ததும் ஏற்றிய புரோகிராமையே நிறுத்த வேண்டும். அதோடு அளவும் சில மெகாபைட் இருக்கும். இந்தப் பருமனும் புது த்ரெட்டுகளும்தான் காவலாளிக்கு நல்ல தடயம்.

இதை எங்கே செய்வது? கல்லூரி லேப் நெட்வொர்க்கில் அல்ல. ஒரே கணிப்பொறியில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அவை இரண்டும் தங்களுக்குள் மட்டும் பேசும்படி நெட்வொர்க்கை அமைத்து, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுச் செய்ய வேண்டும். தொடங்குவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்து, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

7. பாதி வேலை அந்தப் பக்கம்

ஏஜென்ட் சர்வரோடு பேசிவிட்டது என்றவுடன் கைதட்டிவிட்டுப் போனால் அது சோதனை அல்ல, வேடிக்கை. தீ ஒத்திகையில் மணி அடித்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம். விண்டோஸில் சிஸ்மான் என்ற இலவசக் கருவியைப் போட்டு வைத்தால் அது பதிவேடு எழுதும். அதில் 1-ஆம் எண் நிகழ்வு புதுப் புரோகிராம் தொடங்கியது. 3-ஆம் எண் நெட்வொர்க் இணைப்பு. 7-ஆம் எண் ஒரு டி.எல்.எல். ஏறியது. மூன்றையும் நேரம் வைத்துச் சேர்த்துப் படித்தால் கதை தெரிந்துவிடும்: ரன்டிஎல்எல்32 தொடங்கியது, பயனாளரின் ஃபோல்டரிலிருந்து கையெழுத்தில்லாத டி.எல்.எல். ஏறியது, உடனே வெளியே இணைப்பு போனது. 7-ஆம் எண்ணை நாமாகத்தான் இயக்கி வைக்க வேண்டும். பதிவு ஏராளமாகக் குவியும் என்பதால் பல இடங்களில் அது இயங்காமலே கிடக்கும்.

லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் எந்தெந்த லைப்ரரியை ஏற்றியிருக்கிறது என்பதை ப்ராக் ஃபோல்டருக்குள் 'மேப்ஸ்' என்ற கோப்பில் படிக்கலாம். எல்லாப் புரோகிராமிலும் ஒரு லைப்ரரியை வலியத் திணிக்க உதவும் 'ப்ரீலோட்' கோப்பு எடிசி ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். பெரும்பாலான மெஷின்களில் அது இருக்காது. இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பெரிய கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு 2024 சாட்சி. லினக்ஸில் எக்ஸ்.இசட். என்னும் சுருக்கும் கருவியின் ஷேர்டு லைப்ரரியில், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஒரு ரகசியக் கதவு வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பெயர் எடுத்து, பராமரிப்பாளராகவே ஆகிவிட்டவர். எஸ்.எஸ்.எச். சர்வருக்கு அந்த லைப்ரரி நேராகத் தேவையே இல்லை. சில லினக்ஸ் வகைகளில் சிஸ்டம்டி லைப்ரரி வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர், லாகின் ஆக அரை வினாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அந்த அரை வினாடியை அலட்சியப்படுத்தாத ஒரு மனிதரால் எத்தனையோ சர்வர்கள் தப்பின.

8. அனுமதி இல்லாமல் தொடாதே

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். அடுத்தவர் கணிப்பொறியில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்" என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

எழுத்தில் அனுமதி வேண்டும். அதில் எந்த மெஷின், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, நடுவில் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, முடிந்தபின் ஏஜென்டை அகற்றும் பொறுப்பு யாருக்கு என்று இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பி.எல்.சி.யில் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. 2023 செப்டம்பரில் கால்டெராவுக்கு ஆலைகளுக்கான இணைப்புகளும் வெளியாகின. மோட்பஸ், டி.என்.பி.3, பேக்நெட் ஆகிய மூன்று மொழிகளிலும் அது பேசும். மோட்பஸ் 1979-ல் உருவானது. அதில் 'நீ யார்' என்று கேட்கும் வழக்கமே கிடையாது. சொன்னதைச் செய்யும். தவறான ஒரு கட்டளை போதும், பம்ப் நின்றுவிடும். லேபில் உள்ள டெமோ கிட் அதற்குத்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மருச்சி பகுதியில் 2000-ஆம் ஆண்டு நடந்ததைப் படியுங்கள். சாக்கடை நீரேற்று நிலையங்களுக்குக் கன்ட்ரோல் அமைத்துக் கொடுத்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், நகராட்சியில் வேலை கிடைக்காத ஆத்திரத்தில், காரில் லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குப் பொய்க் கட்டளை அனுப்பினார். எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் பாய்ந்தது. 2001-ல் அவருக்கு இரண்டாண்டு சிறை. அவரும் நம்மைப் போல டெக்னிக்கல் வேலை தெரிந்தவர்தான்.

9. நமக்கு ஏன் இந்தக் கவலை?

பாலாற்றங்கரைக்காரர்களுக்குக் கழிவுநீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் சொல்லித் தர வேண்டாம். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியா முழுதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பதும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் அதன் இரு தூண்கள். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே உடைந்தது சுவர், கணிப்பொறிக்கு அதில் வேலை இல்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட இடம் என்று அது காட்டியது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் டேனரி உள்ளிட்ட 17 வகைத் தொழில்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்க உத்தரவிட்டது. நல்ல காரியம். ஆனால் மீட்டருக்கும் திரைக்கும் இடையே எத்தனை லைப்ரரிகள் இருக்கின்றன என்று இப்போது யோசித்துப் பாருங்கள். நடுவில் ஒன்று பொய் சொன்னால் ஆற்றுக்கும் வாரியத்துக்கும் வேறு வேறு உண்மை.

எனவே வேலைக்குப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்லும் சிறு பட்டியல்:

ஒன்று, ஸ்கேடா மென்பொருள் போட்ட அன்றே அதன் டி.எல்.எல். கோப்புகள் அனைத்துக்கும் ஷா-256 எண் எடுத்து, அந்த மெஷினில் அல்லாமல் தனியாக எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை ஒப்பிடுங்கள்.

இரண்டு, கன்ட்ரோல் ரூம் கணிப்பொறியில் பாட்டு பென் டிரைவ் செருகாதீர்கள், செருக விடாதீர்கள். ஸ்டக்ஸ்நெட் அப்படியும் பரவியது.

மூன்று, ஆபீஸ் நெட்வொர்க் கேபிள் ஆலை நெட்வொர்க்கில் சொருகியிருந்தால் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

நான்கு, ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது கையில் பிடிக்கும் மீட்டரால் பி.எச். அளந்து திரையில் உள்ளதோடு ஒப்பிட்டு ரிஜிஸ்டரில் எழுதுங்கள். மீட்டர் இல்லையா, பி.எச். பேப்பராவது தோய்த்துப் பாருங்கள். அந்தப் பேப்பருக்கு டி.எல்.எல். கிடையாது, அதை யாரும் மாற்ற முடியாது.

ஐந்து, ஏதாவது நடந்தால் மறைக்காதீர்கள். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

வைவாவில் கேட்டால்

கே: ஷேர்டு லைப்ரரிக்கும் ஸ்டாட்டிக் லைப்ரரிக்கும் வித்தியாசம்?
ப: ஸ்டாட்டிக் கம்பைல் ஆகும்போதே புரோகிராமோடு ஒட்டிக்கொள்ளும். ஷேர்டு ஓடும்போது லோடரால் ஏற்றப்படும்.

கே: 'பிக்' ஏன்?
ப: எந்த முகவரியில் ஏறும் என்று முன்பே தெரியாததால்.

கே: புரோகிராமை மாற்றாமல் அதன் நடத்தையை மாற்ற முடியுமா?
ப: முடியும். அது நம்பும் லைப்ரரியை மாற்றினால் போதும்.

கே: சோதனை ஏஜென்டை லைப்ரரியாக ஓட்டுவது எதற்கு?
ப: நல்ல புரோகிராமின் உள்ளே மறைந்து வரும் நிரலை நமது கண்காணிப்பு கண்டுபிடிக்கிறதா என்று அறிய.

கே: சோதனைக்கு முதல் தேவை என்ன?
ப: எழுத்து மூலம் அனுமதி. (இதற்கு 'கம்பைலர்' என்று பதில் சொன்னால் மார்க் போகும்.)

நண்பர்களே, மேலே 2-ஆம் பகுதியில் சொன்ன பி.எச். சோதனையை இந்த செமஸ்டரிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் லைப்ரரியை மாற்றட்டும், மற்றவர் எப்போது மாற்றினார் என்று ஹாஷ் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் ரூமில் ராத்திரி ஷிஃப்டில் தனியாக உட்காரும் நாளில், திரை காட்டும் எண்ணை ஒரு தடவை சந்தேகப்படும் பழக்கம் அப்போது தானாகக் கைவரும்.